எரிந்து முடிந்தது எரியாது: நீரும் கரியமில வாயுவும் தீயை அணைப்பது ஏன்?

கேள்வி: ஒன்பதாம் வகுப்பில் படிக்கும் என் மகள், "ஹைட்ரஜன் எரியும் வாயு, ஆக்சிஜன் எரிவதற்குத் துணைபுரியும் வாயு, அப்படியிருக்க இரண்டும் சேர்ந்து உண்டான நீர் மட்டும் ஏன் தீயை அணைக்கிறது?" என்று கேட்டாள். கரியும் எரிகிறது, அது ஆக்சிஜனோடு சேர்ந்து வரும் கரியமில வாயுவும் தீயை அணைக்கிறது. "சேர்மத்தின் பண்புகள் அதிலுள்ள தனிமங்களின் பண்புகளிலிருந்து வேறுபடும்" என்ற பாடநூல் வரியைப் படித்துக் காட்டினேன். "நான் கேட்டதைத்தானே அம்மா அது திருப்பிச் சொல்கிறது" என்றாள். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. நீர் கொதிக்கும்போது எழும் குமிழிகள் அந்த ஹைட்ரஜனும் ஆக்சிஜனும்தானா, சோடாவில் நீரும் கரியமில வாயுவும் சேர்ந்திருப்பது கலவையா சேர்மமா என்றும் கேட்கிறாள். நான் வணிகவியல் படித்தவள். அவளுக்கு என்ன சொல்லட்டும்?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு, வணக்கம்.

உங்கள் மகள் சொன்னது சரி. பாடநூலின் அந்த வரி நாம் காண்பதைச் சொல்கிறதே தவிர, அதன் காரணத்தைச் சொல்லவில்லை. கல்லூரியில் வேதியியல் கற்பிக்கும் எனக்கு இந்தக் கேள்வி புதிதன்று. அந்த வரியை மனப்பாடம் செய்து முழு மதிப்பெண் வாங்கி வந்த மாணவர்களிடம் இதையே திருப்பிக் கேட்டால் பெரும்பாலோர் திகைத்து நிற்பதை ஆண்டுதோறும் பார்க்கிறேன். ஒன்பதாம் வகுப்பிலேயே ஒரு பெண் அங்கே நின்று கேட்கிறாள் என்பது எனக்கு உண்மையிலேயே மகிழ்ச்சி தருகிறது.

காரணம் இதுதான். நீர் இனி எரியப்போகும் பொருள் அன்று. அது ஏற்கெனவே எரிந்து முடிந்த பொருள். விறகு எரிந்தபின் சாம்பல் மிஞ்சுவதைப் போல, ஹைட்ரஜன் எரிந்தபின் மிஞ்சுவது நீர்; கரி எரிந்தபின் மிஞ்சுவது கரியமில வாயு. சாம்பலைக் குவித்து வைத்துத் தீக்குச்சியைக் கிழித்தால் பற்றுமா? பற்றாது. அதில் எரிய வேண்டியது எல்லாம் எரிந்துவிட்டது. நீரை ஹைட்ரஜனின் சாம்பல் என்று சொல்வது வெறும் உவமையன்று, வேதியியலின்படி நேரான உண்மை என்பதை மகளிடம் அழுத்திச் சொல்லுங்கள்.

இதை அவள் கண்ணால் பார்க்கலாம். நன்கு துடைத்து உலர்த்திய, குளிர்ந்த கண்ணாடிக் குவளை ஒன்றைத் தலைகீழாகப் பிடித்து, எரியும் மெழுகுவர்த்திச் சுடருக்குச் சற்று மேலே சில நொடிகள் காட்டச் சொல்லுங்கள். குவளையின் உட்புறம் மங்கலாகி, மூச்சுப்பட்ட கண்ணாடிபோல் மெல்லிய ஈரம் படியும். அந்த ஈரம் மெழுகில் இருந்த ஹைட்ரஜன் எரிந்து உண்டான நீர். உடனே குவளையின் வாயைத் தட்டால் மூடி நிமிர்த்தி, அதில் தெளிந்த சுண்ணாம்பு நீரைச் சிறிதளவு ஊற்றிக் குலுக்கினால் அது பால்போல் வெளுக்கும். அப்படி வெளுக்கச் செய்தது மெழுகிலிருந்த கார்பன் எரிந்து உண்டான கரியமில வாயு. (சுண்ணாம்பு நீர் கண்ணில் படக்கூடாது, பெரியவர் ஒருவர் உடன் இருக்கட்டும்.) மெழுகு மறைந்து போவதாகத்தான் நாம் நினைக்கிறோம். உண்மையில் 1 கிராம் மெழுகு எரியும்போது காற்றிலிருந்து ஏறத்தாழ 3.5 கிராம் ஆக்சிஜனை எடுத்துக்கொண்டு, சுமார் 1.3 கிராம் நீராகவும் 3.1 கிராம் கரியமில வாயுவாகவும் மாறுகிறது. மறைந்ததாக நினைத்த மெழுகைவிட அதிலிருந்து உண்டான நீரின் எடை மட்டுமே அதிகம் என்பதை முதன்முதலில் கணக்கிட்டுப் பார்க்கும் மாணவர்கள் நம்ப மறுத்து மீண்டும் கணக்குப் போடுவார்கள்.

இனி, எரிதல் என்றால் என்ன என்று சற்று உள்ளே போய்ப் பார்ப்போம். "ஹைட்ரஜன் எரியும் தன்மை உடையது" என்று சொல்லும்போது, அந்தத் தன்மை ஏதோ ஒரு சரக்காக ஹைட்ரஜன் அணுவுக்குள் பொதிந்திருப்பதாகவும், அது நீருக்குள்ளும் கூடவே வந்திருக்க வேண்டும் என்பதாகவும் நாம் எண்ணிவிடுகிறோம். குழப்பம் தொடங்கும் இடம் இதுவே. ஹைட்ரஜன் வாயுவில் இரண்டு ஹைட்ரஜன் அணுக்கள் ஒன்றையொன்று பற்றிக்கொண்டு ஒரு மூலக்கூறாக இருக்கின்றன. ஆக்சிஜன் வாயுவிலும் அவ்வாறே இரண்டு ஆக்சிஜன் அணுக்கள். இந்தப் பிணைப்புகளை விட ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் தங்களுக்குள் அமைத்துக்கொள்ளும் பிணைப்புகள் மொத்தத்தில் மிக உறுதியானவை. பழைய பிணைப்புகள் அறுந்து புதியவை உண்டாகும்போது, இரண்டு நிலைகளுக்கும் இடையிலுள்ள ஆற்றல் வேறுபாடு வெப்பமாகவும் ஒளியாகவும் வெளியேறுகிறது. அதைத்தான் நாம் தீ என்கிறோம். நாணேற்றி இழுத்த வில்லில் விசை இருக்கிறது. அம்பை விட்டபின் வில்லும் நாணும் அம்பும் அப்படியே இருந்தாலும் அந்த விசை இல்லை. ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் இழுத்துப் பிடித்த வில். நீர், அம்பு போனபின் தளர்ந்து நிற்கும் வில். அணுக்கள் எல்லாம் நீரில் இருக்கின்றன, எரிவதற்கான ஆற்றல்தான் வெளியேறிவிட்டது.

எவ்வளவு வெளியேறியது என்று பார்த்தால் வியப்பாக இருக்கும். 1 கிராம் ஹைட்ரஜன் 8 கிராம் ஆக்சிஜனோடு சேர்ந்து எரிந்து 9 கிராம் நீராகும்போது வெளிவரும் வெப்பம் சுமார் 142 கிலோஜூல். 25 டிகிரி செல்சியஸில் இருக்கும் ஏறக்குறைய 450 கிராம் நீரைக் கொதிநிலைக்குக் கொண்டுபோக இது போதும். அந்த 9 கிராம் நீரை மீண்டும் ஹைட்ரஜனாகவும் ஆக்சிஜனாகவும் பிரிக்க வேண்டுமானால் குறைந்தது அதே அளவு ஆற்றலை நாம் திருப்பிச் செலுத்தியாக வேண்டும்; சும்மா பிரிந்து வராது.

உங்கள் மகளின் இரண்டாவது கேள்விக்கு விடை இந்தக் கணக்கிலேயே கிடைத்துவிடுகிறது. 100 டிகிரியில் 1 கிராம் நீரை ஆவியாக்க ஏறத்தாழ 2,260 ஜூல் வெப்பம் போதும். அதே 1 கிராம் நீரைத் தனிமங்களாகப் பிரிக்க ஏறத்தாழ 15,900 ஜூல், அதாவது சுமார் ஏழு மடங்கு வேண்டும். கொதிக்கும் பாத்திரத்தில் நடப்பது முதலாவது மட்டுமே. அங்கே ஒரு நீர் மூலக்கூறு இன்னொரு நீர் மூலக்கூற்றை விட்டு விலகுகிறது. மூலக்கூற்றுக்குள் ஹைட்ரஜன் ஆக்சிஜனை விட்டு விலகுவதில்லை. ஆகவே கொதிக்கும்போது எழும் பெரிய குமிழிகள் நீராவிதான், அதாவது நீரேதான். (சூடேறத் தொடங்கும்போது பாத்திரத்தின் ஓரங்களில் ஒட்டியிருக்கும் சிறு குமிழிகள் நீரில் கரைந்திருந்த காற்று, அவை வேறு.) அந்தக் குமிழிகள் ஹைட்ரஜனும் ஆக்சிஜனுமாக இருந்திருந்தால், அடுப்பின் மேல் நீர் வைப்பதே பேராபத்தாக முடிந்திருக்கும்.

நீர் எரிந்து உண்டான பொருள் என்பதைக் கண்டுபிடிக்க மனிதருக்கு நெடுங்காலம் ஆயிற்று. பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதி வரை நீரை மேலும் பிரிக்க முடியாத அடிப்படைப் பொருளாகவே அறிஞர்களும் எண்ணியிருந்தனர். இங்கிலாந்தில் ஹென்றி கேவண்டிஷ், ஹைட்ரஜனை எரித்தால் நீர் உண்டாவதை நுட்பமாக அளந்து காட்டினார். அதன் பொருளை, அதாவது நீர் ஒரு சேர்மமே என்பதை, பிரான்சில் லவாய்சியர் 1783இல் தெளிவாக அறிவித்தார். 1800இல் வில்லியம் நிக்கல்சனும் அந்தோணி கார்லைலும் நீரில் மின்சாரத்தைச் செலுத்தி அதைப் பிரித்தே காட்டினர். ஹைட்ரஜன் என்ற பெயருக்கே "நீரை உண்டாக்குவது" என்றுதான் பொருள். தமிழில் அதை நீரகம் என்று சொல்வதும் அந்தப் பொருளைக் கைவிடாத நல்ல சொல்.

கலவைக்கும் சேர்மத்துக்கும் உள்ள வேறுபாட்டை விளக்க, இரும்புத்தூளும் கந்தகமும் என்ற வழக்கமான எடுத்துக்காட்டைவிட நீரையே எடுத்துக்கொள்வது நல்லது என்பது என் கருத்து. ஒரு கலத்தில் கன அளவில் இரண்டு பங்கு ஹைட்ரஜன் வாயுவும் ஒரு பங்கு ஆக்சிஜன் வாயுவும் கலந்திருப்பதாகக் கொள்வோம். நீரில் உள்ள அதே அணுக்கள், அதே விகிதம். ஆனாலும் அது நீர் அன்று, வெறும் கலவை. அறை வெப்பநிலையில் எவ்விதத் தூண்டுதலும் இன்றி விட்டுவைத்தால் ஆண்டுக்கணக்கில் அப்படியே இருக்கும். ஒரு சிறு பொறி பட்டால் அடுத்த கணமே பெரும் வெடிப்புடன் நீராகிவிடும். பொறிக்கு முன்னும் பின்னும் அணுக்களின் எண்ணிக்கையில் ஒன்றுகூட மாறவில்லை. மாறியது எந்த அணு எதைப் பற்றிக்கொண்டிருக்கிறது என்பது மட்டுமே. கலவையில் விகிதத்தை நாம் விரும்பியபடி மாற்றலாம், ஆனால் நீரில் முடியாது. கடலிலிருந்து எடுத்தாலும் மேகத்திலிருந்து எடுத்தாலும் மெழுகுவர்த்தியின் மேல் பிடித்த குவளையிலிருந்து எடுத்தாலும், தூய நீரில் எடைப்படி ஹைட்ரஜன் ஒரு பங்கு, ஆக்சிஜன் எட்டுப் பங்கு. கரியமில வாயுவில் கார்பன் மூன்று பங்கு, ஆக்சிஜன் எட்டுப் பங்கு. மாறா விகித விதி என்று பாடநூல் குறிப்பிடுவது இதைத்தான்.

விகிதம் சற்றே மாறினால் அது வேறு பொருளாகிவிடும் என்பதற்கு இந்த இரண்டு சேர்மங்களுக்கும் நெருங்கிய உறவினர் உண்டு. கரியமில வாயுவின் மூலக்கூற்றில் ஒரு கார்பனுக்கு இரண்டு ஆக்சிஜன். போதிய காற்று இல்லாமல் கரி எரிந்தால், ஒரு கார்பனுக்கு ஒரே ஆக்சிஜன் மட்டும் சேர்ந்து கார்பன் மோனாக்சைடு உண்டாகிறது. இது பாதி எரிந்த பொருள். எரிய இன்னும் மீதமிருப்பதால் இது நீலச் சுடருடன் எரிந்து கரியமில வாயுவாகும். அதுமட்டுமன்று, இரத்தத்திலுள்ள ஹீமோகுளோபினை ஆக்சிஜனைவிட இருநூறு மடங்குக்கு மேல் இறுகப் பற்றிக்கொள்வதால் இது உயிரைப் பறிக்கும் நச்சு. மூடிய அறையில் கரி அடுப்பைப் புகையவிட்டுத் தூங்குவோர் இறந்துபோவது இதனால்தான். நிறமும் மணமும் இல்லாத வாயுவாதலால் உள்ளே இருப்பவருக்குத் தெரியவே தெரியாது. நீரின் பக்கத்தில், இரண்டு ஹைட்ரஜனுக்கு இரண்டு ஆக்சிஜன் சேர்ந்தால் ஹைட்ரஜன் பெராக்சைடு. இது கூடுதலாக உள்ள ஆக்சிஜனை எளிதில் விட்டுவிடும். அந்த ஆக்சிஜன் தீயை வளர்க்கும். ஆகவே "எரிந்து முடிந்தது எரியாது" என்ற விளக்கத்தை மகள் சோதித்துப் பார்க்க விரும்பினால், இந்த இரண்டு பொருள்களையும் எடுத்துச் சொல்லுங்கள்.

ஒன்றை இங்கே பிரித்துச் சொல்ல வேண்டும். எரியாமல் இருப்பது வேறு, தீயை அணைப்பது வேறு. சாம்பல் என்பதால் நீர் எரியாது. தீயை அணைப்பதற்கு அதனிடம் தனிக் காரணங்கள் இருக்கின்றன. ஆவியாகும்போது அது ஏராளமான வெப்பத்தை உறிஞ்சி எரிபொருளைக் குளிர்விக்கிறது. நீராவியாகி சுமார் 1,700 மடங்கு விரிவதால் சுற்றியுள்ள காற்றையும் தள்ளிவிடுகிறது. கரியமில வாயு காற்றைவிட ஒன்றரை மடங்கு கனமானது. அது தீயின் மேல் கவிந்து ஆக்சிஜனை விலக்குகிறது. எரியும் எண்ணெயில் நீரை ஊற்றக்கூடாது என்பதையும் இதே இடத்தில் சொல்லிவிடுங்கள்; எண்ணெய்க்கு அடியில் போகும் நீர் சட்டென்று ஆவியாகி, எரியும் எண்ணெயை நாலாபுறமும் வீசிவிடும்.

சாம்பல் என்றால் ஆக்சிஜன் அங்கே நிரந்தரமாகப் பூட்டப்பட்டுவிட்டதா? இல்லை. ஆக்சிஜனை இன்னும் வலுவாகப் பற்றக்கூடிய ஒன்று வந்தால் விட்டுக்கொடுக்கும். என் வகுப்பில் ஆண்டுக்கு ஒருமுறை செய்து காட்டும் சோதனை ஒன்று உண்டு. உலர் பனிக்கட்டி எனப்படும் திடக் கரியமில வாயுவின் பாளத்தில் ஒரு குழி செய்து, அதில் மெக்னீசியம் சுருள்களைப் பற்றவைத்து, இன்னொரு பாளத்தால் மூடிவிடுவேன். மெழுகுவர்த்தியாக இருந்தால் அணைந்திருக்கும். மெக்னீசியமோ அணைவதற்குப் பதிலாக முன்னிலும் வெளிச்சமாக எரிய, வெண்பாளம் முழுவதும் உள்ளிருந்து விளக்கேற்றியதுபோல் ஒளிரும். அடங்கியபின் திறந்தால் வெள்ளைத் தூளும் அதனிடையே கருந்துகள்களும் கிடக்கும். வெள்ளை, மெக்னீசியம் ஆக்சைடு; கருமை, கார்பன். அந்தக் கருந்துகளை ஒரு மாணவி விரலால் எடுத்துத் தாளில் தேய்த்துப் பார்த்துவிட்டு, "இவ்வளவு நேரம் இது அந்த வாயுவுக்குள்ளேயா இருந்தது?" என்று கேட்டாள். ஆம், நிறமற்ற அந்த வாயுவுக்குள்தான் இருந்தது. இதை வீட்டில் செய்ய வேண்டாம். அதன் ஒளி கண்ணைக் கெடுக்கும், தீக்காயமும் நேரும்.

உங்கள் மகள் அடுத்து என்ன கேட்பாள் என்று எனக்குத் தோன்றுவதையும் சொல்லிவிடுகிறேன். நீர் மூலக்கூற்றின் நிறை 18 அலகு. கரியமில வாயுவின் நிறை 44. கனமானது வாயுவாகப் பறக்க, இலேசானது நீர்மமாகத் தங்குவது ஏன்? காரணம் வடிவம். கரியமில வாயுவில் மூன்று அணுக்களும் ஒரே நேர்க்கோட்டில், நடுவில் கார்பனும் இருபுறமும் ஆக்சிஜனுமாக நிற்கின்றன. ஆக்சிஜன் எலக்ட்ரான்களைத் தன்பக்கம் இழுத்தாலும், இருபுற இழுப்பும் சமமாகவும் எதிரெதிராகவும் இருப்பதால் மூலக்கூறு மொத்தத்தில் ஒருபக்கம் சாயாது. நீர் மூலக்கூறு வளைந்தது. இரண்டு ஹைட்ரஜனுக்கும் இடையே 104.5 டிகிரி கோணம். அதனால் ஆக்சிஜன் பக்கம் சிறிது எதிர்மின் தன்மையும் ஹைட்ரஜன் பக்கம் சிறிது நேர்மின் தன்மையும் தங்கிவிட, ஒரு மூலக்கூற்றின் ஹைட்ரஜன் அடுத்த மூலக்கூற்றின் ஆக்சிஜனை நாடி ஒட்டிக்கொள்கிறது. ஹைட்ரஜன் பிணைப்பு என்று சொல்லப்படும் இந்தப் பற்றுதலே நீரை 100 டிகிரி வரை நீர்மமாகக் கட்டிவைத்திருக்கிறது. கரியமில வாயுவுக்கு அந்தக் கட்டு இல்லை. சாதாரண அழுத்தத்தில் −78.5 டிகிரியிலேயே திடநிலையிலிருந்து நீர்மமாகாமல் நேரே வாயுவாகிவிடுகிறது. நீர் வளையாமல் நேராக இருந்திருந்தால் கடலும் இல்லை, நாமும் இல்லை.

சோடாவைப் பற்றிய கேள்விக்கு வருகிறேன். அது பெரும்பாலும் கலவை, சிறிதளவு சேர்மம். 25 டிகிரியில், சாதாரண வளிமண்டல அழுத்தத்தில், தூய கரியமில வாயு ஒரு லிட்டர் நீரில் ஏறக்குறைய ஒன்றரை கிராம் கரையும். அழுத்தத்தைக் கூட்டினால் அதற்கேற்பக் கூடும். புட்டியின் மூடியைத் திறந்ததும் அழுத்தம் குறைவதால் கரைந்த வாயு குமிழிகளாக வெளியேறுகிறது. இப்படி விரும்பியபடி கூட்டவும் குறைக்கவும் முடிவதே அது கலவை என்பதற்கு அடையாளம். ஆயினும் கரைந்த மூலக்கூறுகளில் பல நூற்றில் ஒன்று நீரோடு உண்மையிலேயே வினைபுரிந்து கார்பானிக் அமிலம் என்ற புதிய சேர்மமாகிறது. சோடாவில் நாக்கு உணரும் இலேசான புளிப்பு அதிலிருந்து வருவது. கரியமில வாயு என்ற பெயரைப் பிரித்துப் பாருங்கள்: கரி, அமிலம், வாயு. நீரில் கரைந்தால் அமிலமாகும் என்ற செய்தி பெயருக்குள்ளேயே இருக்கிறது. மாசில்லாத மழைநீரும் சற்றே அமிலத்தன்மை கொண்டு, பி.எச். அளவு 5.6 அளவில் இருப்பது காற்றிலுள்ள இந்த வாயு அதில் கரைவதால்தான்.

நம் உடலும் இந்த இரண்டு சாம்பல்களையே வெளியேற்றுகிறது. சுடரின்றி, மெதுவாக, 180 கிராம் குளுக்கோஸை உடல் முழுமையாகப் பயன்படுத்தினால் 264 கிராம் கரியமில வாயுவும் 108 கிராம் நீரும் உண்டாகும். எதிர்த்திசையில், சூரிய ஒளியின் ஆற்றலைச் செலுத்தி, அதே சாம்பல்களை மீண்டும் எரிபொருளாக்கும் வேலையைப் பச்சை இலைகள் செய்கின்றன. அப்போது வெளிவரும் ஆக்சிஜன் கரியமில வாயுவிலிருந்து வருவதாகவே பலர் நினைக்கிறார்கள். அது நீரிலிருந்து வருவது. சாமுவேல் ரூபனும் மார்ட்டின் கேமனும் அவர்களுடைய குழுவினரும் 1941இல் கனமான ஆக்சிஜன் அணுக்களை அடையாளமாக வைத்து இதைக் காட்டினர்.

கடைசியாக, வீட்டில் செய்யத்தக்க ஒரு சோதனை. ஒரு குவளை நீரில் ஒரு சிட்டிகை சலவை சோடாவைக் கரைத்து, இருமுனையும் சீவிய இரண்டு பென்சில்களை அதில் நிறுத்தி, அவற்றின் மேல்முனைகளை 9 வோல்ட் மின்கலத்தோடு கம்பியால் இணைக்கச் சொல்லுங்கள். சமையல் உப்பைப் பயன்படுத்த வேண்டாம். குளோரின் என்ற நச்சு வாயு வரும். சன்னலைத் திறந்து வைத்து, அருகில் தீ இல்லாமல், சில நிமிடங்கள் மட்டும் செய்யட்டும். வீட்டு மின்சாரத்தை எக்காரணம் கொண்டும் தொடக்கூடாது. பென்சில் முனைகளில் குமிழிகள் எழும். இவைதான் உண்மையில் ஹைட்ரஜனும் ஆக்சிஜனும். நேர்முனையில் வரும் ஆக்சிஜனில் கொஞ்சம் நீரில் கரைந்தும், பென்சிலின் கரியோடு சேர்ந்தும் போய்விடுவதால், அளவு துல்லியமாக இரண்டுக்கு ஒன்று என்று அமையாது. ஆனால் ஒரு முனையில் குமிழிகள் தெளிவாக மிகுந்திருப்பது கண்ணுக்குத் தெரியும். அது எந்த முனை, அங்கே வருவது எந்த வாயு என்பதை மின்கலத்தை இணைப்பதற்கு முன்பே அவள் ஒரு தாளில் எழுதி வைத்துவிட்டு, பிறகு இணைத்துப் பார்க்கட்டும்.